ஆஸ்வீகோவில் உன் முதல் பனிக்காலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில், "ஆபீஸ் எட்டு மைல்தான்பா, பனி கொட்டினாலும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடுவேன்" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்தாள், சரி சரி என்று வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2014 நவம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும். எட்டாம் வகுப்பில் இருந்தாய். இதே நியூயார்க் மாநிலத்தில், பஃபலோவுக்குத் தெற்கே நம் ஹாம்பர்க் வீட்டில் கதவைத் திறந்தால் வாசல் நிறையப் பனி நின்றது. அதில் கையை விட்டு ஓட்டை போட்டு விளையாடினாய். நான் இரண்டு நாள் வரவில்லை. ஆபீஸிலேயே படுத்துக்கொண்டேன் என்று சொன்னேன் அல்லவா? பொய்.

18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து பஃபலோ டவுன்டவுனில் வெளியே வந்தேன். வடக்கே பளிச்சென்று நீல வானம். தெற்கே, நம் வீட்டுப் பக்கம், தரையிலிருந்து மேகம் வரை வெள்ளைச் சுவர். கார் ஓட்டத் தடை போட்டிருந்தார்கள். பன்னிரண்டு மைல்தானே என்று கிளம்பினேன்.

வழியில் இருக்கும் லாக்கவானாவையே தாண்டவில்லை. சுவருக்குள் நுழைந்ததும் முன்னால் போன காரைக் காணோம். கொஞ்ச தூரத்தில் சக்கரம் சிக்கிக்கொண்டது. எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு உட்கார்ந்தேன். முதலில் தலை வலித்தது, அப்புறம் சுகமாகக் கண்ணைச் சொருகியது. அந்தச் சுகத்தை நினைத்தால்தான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. பின்னால் புகைக்குழாய் பனியில் புதைந்து, புகை காருக்குள்ளேயே வந்துகொண்டிருந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது பாப்பா.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அந்தத் தெருவில் குடியிருந்த ஒரு பெரியவர், கையில் ஷவல். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டில் சேர்த்தார். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ராத்திரி அவர் ஊற்றிக் கொடுத்த சூப்தான் சாப்பாடு. அந்தப் புயலில் காருக்குள்ளேயே இறந்து கிடந்தவர்களும் உண்டு.

ஏன் அப்படி ஒரு சுவர் என்று நீ அப்போதே கேட்டாய், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊர் ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது. நவம்பரில் ஏரித் தண்ணீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். அதன்மேல் வடக்கத்திக் குளிர்காற்று வருகிறது. ஒரு மைல் உயரத்துக் காற்றுக்கும் தண்ணீருக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் போதும், ஏரி ஆவியாகிக் கரையில் பனியாகக் கொட்டும். காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால் எல்லாம் ஒரே பட்டையாகச் சேர்ந்துவிடும். பட்டைக்குள் இருக்கும் ஊரில் ஆறேழு அடி; சில மைல் தள்ளி இருப்பவன் வெயில் காய்வான். அதனால் ஆபீஸில் யாராவது "இங்கே ஒன்றுமில்லையே, வா" என்றால் நம்பாதே. அவர்கள் பொய் சொல்லவில்லை, பட்டைக்கு வெளியே இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஈரி ஏரி ஆழம் கம்மி. ஜனவரி பிப்ரவரியில் உறைந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். உன் ஆஸ்வீகோ பக்கத்து ஒன்டாரியோ ஏரி ஆழமானது, முழுசாக உறைவது அபூர்வம். குளிர்காலம் முழுக்கக் கொட்டும். உன் கவுன்டியிலேயே (நம்மூர் மாவட்டம் மாதிரி) ரெட்ஃபீல்டு என்ற ஊரில் 2007 பிப்ரவரியில் பத்து நாளுக்குள் 141 அங்குலம் விழுந்தது. அங்குள்ளவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டிலேயே இரு.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸின் புகைக்குழாய் சுவருக்கு வெளியே எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வை. அது பனியில் மூடினால் என் காரில் நடந்ததுதான் வீட்டிலும் நடக்கும். பனி கொட்டும்போது சில மணிக்கு ஒரு தடவை அதைச் சுற்றித் தள்ளிவிட வேண்டும். வழியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதே. முதலில் புகைக்குழாயைத் தோண்டு, அப்புறம்தான் ஹீட்டர், அதுவும் விட்டு விட்டு. காருக்கென்று ஒரு குட்டி ஷவல் அனுப்பியிருக்கிறேன். டிக்கியில் வைக்காதே, பனியில் டிக்கி திறக்காது. சீட்டுக்குக் கீழே போடு.

அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. நீ உளறிவிடாதே, ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா