நிறுத்தப் பலகையில் 'வழி' எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவிலில் வெளியூர் பஸ்களுக்கு வடசேரி, டவுன் பஸ்களுக்கு மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம். புதிதாக வருபவர்களுக்கு இது தெரியாது. வடசேரியில் இறங்குமிடத்திலேயே பெரிய பலகை வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'வழி'. குளச்சலுக்கு ராஜாக்கமங்கலம் வழியும் போகலாம், திங்கள்நகர் வழியும் போகலாம். முன்கண்ணாடியில் குளச்சல் என்பதை மட்டும் பார்த்து ஏறினால், ராஜாக்கமங்கலம் போக வேண்டியவர் திங்கள்நகரில் நிற்பார். வழியின் பெயரோ பொடி எழுத்தில், அதுவும் இருட்டினால் தெரியாது. ஏறும் முன் கண்டக்டரிடம் ஊரை அல்ல, வழியைக் கேட்பதே நல்லது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தட எண், வழி, கடைசி பஸ் நேரம் எழுதப்பட வேண்டும். ஒருவழிச் சாலையாக இருந்தால் திரும்பி வரும் பஸ் எந்தத் தெருவில் நிற்கும் என்பதும் அவசியம். பலகையைச் சுவரொட்டி எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

- வாசகர், கோட்டாறு