வீட்டுப் பெரியவர் மறைந்த பிறகு வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி என்ன ஆகும்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் நம் காப்பீட்டு முகவர் அலுவலகத்தைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. "செத்தவர் பேரில் பிரீமியம் வாங்கிக்கொண்டு, திருட்டு போனதும் கையை விரித்துவிட்டார்கள்" என்று. உங்களில் பலர் எங்களுக்கே ஃபோன் செய்து விசாரித்தீர்கள். அதற்கு நன்றி. விசாரிக்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறோம்.

அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம். அப்பாவை இழந்தவர்கள். அவர் தவறிப்போன செய்தி எங்களுக்கு வரவில்லை. பாலிசி முடியும் நாள் நெருங்கியதும் வழக்கம்போல அவர் எண்ணுக்கு நினைவூட்டல் போனது. அந்த ஃபோனை வைத்திருந்த மகன், அதில் இருந்த லிங்க்கிலேயே பணத்தைக் கட்டிவிட்டார். பணம் நேராகக் காப்பீட்டுக் கம்பெனிக் கணக்குக்குப் போனது, எங்கள் கைக்கு வரவில்லை. வீடோ பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர், பாகம் பிரிப்பதில் பேச்சு முடியவில்லை. பின்கதவை உடைத்து பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கிணற்று மோட்டார் வரை தூக்கிப்போய்விட்டார்கள். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்தபோதுதான் பாலிசி உயிரோடு இல்லாதவர் பேரில் புதுப்பிக்கப்பட்டிருப்பதும், வீடு மாதக்கணக்கில் ஆளில்லாமல் இருந்ததும் தெரிந்தது. க்ளைமை, அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையை, மறுத்தது கம்பெனி. அதன் பிறகும் அந்தக் குடும்பத்துக்காக மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். "செத்தவர் பேரில் வாங்கினார்கள்" என்ற வார்த்தை எங்களை ரொம்பவே காயப்படுத்திவிட்டது. தெரிந்து அப்படி ஒரு பிரீமியத்தை நாங்கள் ஒருநாளும் வாங்கியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். வீட்டின் உரிமையாளர் இறந்ததும் பாலிசி முடிந்துபோவதில்லை. வீட்டை விற்றால் கதை வேறு. உயில் மூலமாகவோ வாரிசு முறைப்படியோ கைமாறினால், நடப்பில் இருக்கும் பாலிசி அதன் காலம் முடியும்வரை வாரிசுகளுக்காக நிற்கும். ஆனால் புதுப்பிக்கும்போது அது புது ஒப்பந்தம். இல்லாதவர் பேரில் ஒப்பந்தம் போட முடியாது. அதனால் அந்தத் தேதிக்கு முன்பே எங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும்.

பூட்டிய வீடு இன்னொரு பிரச்சினை. 30 நாளுக்கு மேல் வீடு காலியாகக் கிடந்தால், கம்பெனியின் சம்மதத்தை வாங்கிப் பாலிசியில் எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்பு நின்றுபோகும் என்பது தீ பாலிசியில் காலங்காலமாக இருக்கும் நிபந்தனை. திருட்டுப் பாலிசியிலும் இப்படி ஒரு வரி உண்டு. நாள் கணக்குதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2021 ஏப்ரல் முதல் வந்திருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியை எடுத்தவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். தீ, வெள்ளம் போன்ற சேதம் நடந்த 7 நாளுக்குள் போகும் திருட்டைத்தான் அது ஏற்கும். சாதாரணமாகப் பூட்டு உடைத்துப் போகும் திருட்டுக்குத் தனியாக எடுக்க வேண்டும். நகை, வெள்ளிக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வாரிசு சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில் இருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழ் நகலும், குடும்பத்தில் யார் யார் என்ற விவரமும் போதும், கடிதம் கொடுத்துவிடலாம். "இன்னாரின் சட்டபூர்வ வாரிசுகள்" என்று எல்லோர் பேரையும் போட்டு எடுப்பதுதான் நல்லது. உயிலை நிறைவேற்ற ஒருவரை அதிலேயே நியமித்திருந்தால் அவர் பேரும் வரலாம். தம்பி பேரில் பாலிசி போட்டால் வீடு தம்பிக்குப் போய்விடும் என்று அண்ணன்மார் பயப்படுவதைப் பார்க்கிறோம். பாலிசி என்பது சொத்துப் பத்திரம் ஆகாது, அதை வைத்து யாரும் பட்டா மாற்ற முடியாது. இந்தப் பயத்தில் எத்தனையோ வீடுகள் பாலிசியே இல்லாமல் கிடக்கின்றன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பாகப்பிரிவினை முடியட்டும் என்று ஆறு காத்திருக்காது.

பொருளைப் பிரிக்கும் முன்பு அறை அறையாக வீடியோ எடுத்து வையுங்கள். பீரோவைத் திறந்து, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் மாடல் எண் தெரிகிற மாதிரி எடுங்கள். அக்கா ஒரு பொருளைக் குடியாத்தத்துக்கோ ஆற்காட்டுக்கோ எடுத்துப்போய்விட்டால், அது இந்த முகவரியின் பாலிசியில் இருக்காது. அப்பாவின் வண்டிக்கும் கணக்கு உண்டு. அவர் பேரில் இருக்கும் வண்டிப் பாலிசி, இறந்த நாளில் இருந்து 3 மாதமோ, பாலிசி முடியும் நாளோ, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். அதற்குள் ஆர்.டி.ஓ.விலும் கம்பெனியிலும் பெயர் மாற்ற வேண்டும்.

ஆயுள், மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்களே, வீட்டுக்கு மட்டும் ஏன் வாங்குகிறீர்கள் என்றும் கோபப்பட்டீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கிடைத்த விலக்கு தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு மட்டும்தான். வீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு ரூபாய்கூட எங்களுக்கு இல்லை.

எங்கள் க்ளைம் வேலைகளைப் பார்த்துவந்த தங்கை திருமணமாகிச் சென்னைக்குப் போய்விட்டார். ஆள் குறைந்ததால் அடுத்த மாதம் முதல் உங்கள் வீட்டுக்கு வந்து பிரீமியம் செக் வாங்க இயலாது, சனிக்கிழமை அலுவலகம் மதியம் வரைதான்.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும் பாலிசியை மாற்றாமல் எங்களோடு இருக்கும் குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தாத்தா காலத்தில் தொடங்கி இப்போது பேரன் வரை வருகிறீர்கள். உங்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். மாலையோடும் வருவோம், பாலிசிக் கோப்பையும் எடுத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் காப்பீட்டு முகவர் அலுவலகம்,
தோட்டப்பாளையம், வேலூர்.