இதயத்தோடு என் மனதையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள டாக்டர்களுக்கும், சிஸ்டருக்கும், நடக்கப் பழக்கிய பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கும், தோழிக்கும், என் வீட்டாருக்கும்,

மாரடைப்பு வந்து, ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து, நான் பிழைத்து எழுந்து ஓராண்டு ஆகிவிட்டது. உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு அப்போதே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததற்குத்தான் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. நேரில் சொல்ல வந்தால் அழுகை முந்திக்கொள்ளும். தவிர, என்னைப் போல ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால், எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

அடைப்பு நீங்கிவிட்டது. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் நன்றாக இருந்தது. பிரஷர், சர்க்கரை எல்லாம் கட்டுக்குள். காகிதத்தில் நான் தேறிவிட்டேன். ஆனால் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் வராது. பேரப்பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தாலும் மனம் அசையாது. மாத்திரை டப்பாவைப் பார்த்தால் 'இதெல்லாம் எதற்கு' என்று தோன்றும். ராத்திரி மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். ஒரு துடிப்பு தவறியதுபோல இருந்தால் உடம்பு வியர்க்கும். வியர்த்ததும் பயம் ஏறும், பயம் ஏறியதும் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் அன்போடுதான் சொன்னார்கள்: "அதான் எல்லாம் சரியாயிடுச்சே, மனசைத் தைரியமா வச்சுக்கம்மா." எந்த மனசை, எங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்வது?

சிஸ்டர், முதல் நன்றி உங்களுக்கு. மறுபரிசோதனைக்கு வந்த அன்று பிரஷர் பார்த்து முடித்ததும் நீங்கள் அடுத்தவரைக் கூப்பிடவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "கடந்த ரெண்டு வாரத்துல எதுலயும் ஆர்வம் இல்லாம, சந்தோஷம் இல்லாம இருந்துச்சா? மனசு சோர்ந்து, இனிமே என்ன இருக்குன்னு தோணுச்சா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. என் கண்தான் சொன்னது. உடனே ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளை எடுத்து, ஒவ்வொன்றாக வாசித்து, நான் சொன்னதைக் குறித்துக்கொண்டீர்கள். தூக்கம், பசி, அசதி, கவனம் என்று போய், கடைசிக் கேள்வி செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதையும் நீங்கள் குரல் மாறாமல், தலையைத் திருப்பாமல் கேட்டீர்கள். அப்படிக் கேட்டதால்தான் என்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது. அந்தத் தாளில் மொத்தம் 27 மதிப்பெண், 10-ஓ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள். நான் தாண்டியிருந்தேன்.

"மாரடைப்பு வந்தவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு இந்த மாதிரி பெரிய மனச்சோர்வு வருது, நீங்க மட்டும் இல்லை" என்று நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? அதுவரை என் குணம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மனநல டாக்டர் ஐயா, உங்களிடம் வரும்போது எனக்குக் கூச்சம். நீங்களோ என் மனதைப் பற்றிப் பேசும் முன்பே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. தைராய்டு குறைந்தாலும் இரும்புச்சத்து குறைந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம் வரும், அதைப் பார்க்காமல் மனச்சோர்வு என்று முடிவுகட்டக் கூடாது என்றீர்கள். இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் நாடியை மெதுவாக்குவதால் சிலருக்கு உடம்பு அசதியாக இருக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். மனதை ஆராயப் போன இடத்தில் என் உடம்பை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தீர்கள்.

அதன்பின் நீங்கள் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். மருந்துச் சீட்டு எழுதப் போன கையை நிறுத்தி, என் இதய டாக்டருக்கு என் எதிரிலேயே போன் போட்டீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார்கள். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் வகை மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும். அதை இருவரும் பேசி, வயிற்றுக்கு ஒரு பாதுகாப்பு மாத்திரை சேர்த்து, அளவைக் குறைவாகத் தொடங்கினீர்கள். இதயத்துக்கு ஒரு டாக்டர், மனதுக்கு ஒரு டாக்டர் என்று அலைந்தவள் நான். இரண்டு பேரும் ஒரு மனுஷியைப் பற்றிப் பேசிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். இது எல்லா நோயாளிக்கும் கிடைக்க வேண்டிய ஒன்று. தனிப்பட்ட சலுகையாக நான் அதைச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

"இதைச் சாப்பிட்டால் மறுபடி அட்டாக் வராதா ஐயா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம். நீங்கள் உள்ளதைச் சொன்னீர்கள். மனச்சோர்வு உள்ள இதய நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல் என்பது 1993-இல் மான்ட்ரியலில் 222 பேரைக் கவனித்த ஆய்விலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் 2003-இல் 2,481 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், சிகிச்சையால் மனம் தேறியதே தவிர அடுத்த மாரடைப்போ மரணமோ குறையவில்லை. "உங்க வாழ்க்கை உங்களுக்குத் திரும்பணும். அதுக்காகவே இந்தச் சிகிச்சை" என்றீர்கள். அந்த நேர்மைக்காகவே பலன் தெரிய சில வாரங்கள் ஆனபோதும் மாத்திரையை நிறுத்தாமல் இருந்தேன்.

தம்பி, இப்போது உங்களிடம் வருகிறேன். இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரச் சொன்னபோது என் வீட்டில் எல்லோருக்கும் பயம். எனக்கு எல்லோரையும்விட அதிகம். டிரெட்மில்லில் ஏற்றி, மார்பில் ஒயர்களை ஒட்டிவிட்டு, "பேசிக்கிட்டே நடங்கம்மா" என்றீர்கள். பேச்சு வருகிறது, பாட்டுப் பாட மூச்சு போதவில்லை என்றால் அதுதான் சரியான வேகம். பேச்சே திக்கினால் குறைக்க வேண்டும். சில நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். நீங்கள் வேகத்தை மெல்லக் குறைத்தீர்கள். என் தோளைத் தொட்டு, திரையைக் காட்டினீர்கள். "ராத்திரி படுக்கையில அடிக்குதுன்னு சொன்னீங்களே, இதேதான். பாருங்க, கோடு ஒழுங்காப் போகுது. உங்க இதயம் வேலை செய்யுதும்மா, வேற ஒண்ணும் இல்லை." பச்சைக் கோடு ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாடி தானாகத் தணிந்தது.

ஆயிரம் பேர் வாயால் சொல்லியும் போகாத பயம் அங்கேதான் உடைந்தது. படபடப்பு வந்தாலே ஆபத்து என்று என் உடம்பு பாடம் படித்து வைத்திருந்தது. ஒவ்வொரு முறை நடந்து, நெஞ்சு வேகமாக அடித்து, பிறகு தானே அடங்கியபோதும் அந்தப் பாடம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. மனதைத் தேற்ற மனதின் வழியாக மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை என்று நீங்கள் காட்டினீர்கள். 1999-இல் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு உள்ள ஐம்பது வயதைக் கடந்த 156 பேரிடம் நடந்த ஆய்வில், 16 வார முடிவில் உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்தார்கள் என்று சொன்னீர்கள். கையோடு, "அதுக்காக டாக்டரைக் கேட்காம மாத்திரையை விட்டுடாதீங்க" என்று எச்சரித்ததற்கும் சேர்த்து நன்றி. நெஞ்சில் புதிதாக வலி வந்தால் அது பயம்தானா என்று நானே தீர்ப்புச் சொல்லாமல் உடனே வரவேண்டும் என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

தோழி, வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது நீதான். நான் வரமாட்டேன் என்று சொன்ன நாட்களில் நீ வாதாடவில்லை. தெருமுனை வரை போய்வரலாம் என்பாய். தெருமுனைக்குப் போனால் திரும்ப மனம் வராது. நடக்கும்போது என் நோயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினாய்.

என் கணவருக்கு: ராத்திரி என் விரல் மணிக்கட்டுக்குப் போகும்போதெல்லாம், ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையை எடுத்து உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டீர்கள். பிள்ளைகளிடம், "அம்மாவுக்கு மனச்சோர்வு, மருந்து சாப்பிடுறா" என்று பிரஷருக்கு மருந்து சாப்பிடுவதைச் சொல்லும் அதே குரலில் சொன்னீர்கள். இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த வெட்கம் அன்றோடு போயிற்று.

தம்பி, புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள் டிரெட்மில்லில் ஏறப் பயப்படுகிறார்கள், பக்கத்தில் நின்று பேச முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தீர்கள். டாக்டரிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலையில் வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பழைய நோயாளி