டாஃப் வேல் ரயில்பாதையின் கதைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலிருந்து கார்டிஃப் துறைமுகத்துக்கு இறங்கும் டாஃப் வேல் ரயில்பாதையின் வரலாற்றைத் தமிழில் சிறு நூலாக எழுதி முடித்துவிட்டேன். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். உள்ளே எது யாரால் வந்தது என்பதை நாலு பேர் அறியச் சொல்லிவிடுவதுதான் முறை.

ஆவணக் காப்பக ஊழியர்களே, நிலக்கரி பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தவனிடம் இரும்பாலைக் காகிதங்களை எடுத்து வைத்தீர்கள். அதனால்தான் முதல் அத்தியாயம் சரியாக அமைந்தது. 1794-இல் திறந்த கிளாமோர்கன்ஷயர் கால்வாயில் நெரிசல் தாங்காமல், மெர்தர் டிட்வில் இரும்பாலை முதலாளிகள் 1836-இல் சட்ட அனுமதி வாங்கிப் போட்ட பாதை இது. கம்பெனியின் முதல் தலைவர் டௌலைஸ் ஆலையின் ஜோசையா ஜான் கெஸ்ட். 1840 அக்டோபரில் கார்டிஃபிலிருந்து அபர்கனன் வரையும், அடுத்த ஏப்ரலில் மெர்தர் வரையும் வண்டி ஓடியது. 1846-இல் அபர்டேர் கிளை வந்து, 1855-இல் ரோண்டா பள்ளத்தாக்கின் மேற்கோடியில் ட்ரெஹெர்பர்ட்டிலிருந்தும் கரி இறங்கத் தொடங்கியபோதுதான் பாதையின் தலையெழுத்து மாறியது. புகை குறைவாக, சூடு அதிகமாகத் தரும் அந்தக் கரிக்கு நீராவிக் கப்பல்கள் காத்துக் கிடந்தன.

இந்தப் பாதையை வடிவமைத்த பொறியாளர் புரூனெலைப் பற்றி நான் எழுதிய புகழுரையில் பாதியை வெட்டச் சொன்ன ஓய்வுபெற்ற பொறியாளருக்கு நன்றி. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஏழடி அகலம் வேண்டுமென்று ஊரெல்லாம் வாதாடியவர், இங்கே நாலடி எட்டரை அங்குல இடைவெளியில் தண்டவாளம் போட்டார். குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றோடு சேர்ந்து வளைய வேண்டிய இடத்தில் அவருக்கும் வேறு வழியில்லை.

நான் அதிகம் கடன்பட்டிருப்பது, கரி வண்டிகளில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு. ஒரு எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டேன். எப்படி நிறுத்துவது என்று கேள் என்றார். கரி ஏற்றிய வண்டி கீழே போகும், காலி வண்டி மேலே ஏறும். ஆகவே இழுப்பதைவிட நிறுத்துவதே பெரும்பாடு. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு எஞ்சினிலிருந்து பிரேக் கிடையாது. சரிவுக்கு முன் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடிகளைப் பெட்டி பெட்டியாக அழுத்திப் பூட்டி, கீழே போனதும் மறுபடி ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். மழையிலும்தான். டோனிபாண்டி அருகே புல்லிர்ஹெபாக் சரிவைப் பற்றியும் அவரே சொன்னார். 13 அடிக்கு 1 அடி ஏறும் மேடு அது. இறங்கும் பாரம் கயிற்றின் மறுமுனையில் ஏறும் பாரத்துக்கு ஈடு கொடுக்கும். எஞ்சின் சாய்ந்து நிற்கும்போது கொதிகலனுக்குள் இருக்கும் நெருப்புப் பெட்டியின் கூரை தண்ணீருக்கு வெளியே தெரிந்து சூட்டில் கெட்டுவிடக் கூடாதென்று, 1884-இல் கொதிகலனையே கூம்பு வாட்டமாகச் செய்து மூன்று எஞ்சின்கள் வாங்கினார்கள். இதையெல்லாம் நான் எந்தக் கம்பெனி அறிக்கையைப் புரட்டிக் கற்றிருப்பேன்!

வழக்கறிஞர் தோழிக்கு அடுத்த நன்றி. இந்தப் பாதையின் தொழிலாளர்கள் 1900 ஆகஸ்டில் செய்த வேலைநிறுத்தம் இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் நஷ்டத்துக்காகக் கம்பெனி தொழிற்சங்கத்தின் மீதே வழக்குத் தொடுக்கலாம் என்று, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1901-இல் தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுண்டு நஷ்டஈடு கட்ட நேர்ந்தது. பயந்துபோன சங்கங்கள் தொழிலாளர் பிரதிநிதிக் குழுவின் பக்கம் திரண்டன. அந்தக் குழுதான் 1906-இல் லேபர் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தீர்ப்பை முறியடிக்கும் சட்டமும் அதே ஆண்டு வந்தது. அந்த அத்தியாயம் நீளம் என்று சிலர் குறைபட்டார்கள். நான் குறைக்கப் போவதில்லை.

கார்டிஃபுக்குப் பக்கத்திலிருக்கும் பாரி துறைமுகத்துக்கு இரண்டே பக்கமா என்று கோபித்துக்கொண்ட அம்மாவுக்கும் நன்றி. கார்டிஃப் நெரிசலில் வெறுத்துப்போன சுரங்க முதலாளிகள், டேவிட் டேவிஸ் தலைமையில் தனிப் பாதையும் துறைமுகமும் கட்டி 1889-இல் திறந்தார்கள். 1913-இல் நிலக்கரி ஏற்றுமதியில் கார்டிஃபையே முந்தினார்கள். இப்போது ஏழு பக்கம் ஆகிவிட்டது, அம்மா.

அப்புறம், வரைபடத்தில் வேல்ஸ் ஊர்ப்பெயர்களைத் தமிழில் பொறுமையாக எழுதிக் கொடுத்த தம்பிக்கும், அச்சுச் செலவில் பங்கு போட்டவர்களுக்கும் நன்றி. உங்கள் பிரதிகள் தபாலில் வரும். முகவரி மாறியவர்கள் மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
கார்டிஃபிலிருந்து உங்கள் நண்பன்