சுமத்ரா மலையில் மலிவு விலை நிலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இந்தோனேசிய மலைக்கிராம வாழ்க்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் கம்பத்தில் சிலர் கணக்குப் போடவே ஆரம்பித்துவிட்டார்கள். மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்குகிற காசுக்கு அங்கே ஒரு குன்றையே வளைத்துப் போடலாம், வீடு கட்டிக்கொண்டு காப்பி நட்டுப் பிழைக்கலாம் என்று டீக்கடையில் பேச்சு. நான் பட்டை, கிராம்பு வியாபாரம் செய்கிறவன். சுமத்ராவில் கெரிஞ்சிப் பள்ளத்தாக்குக்குப் பட்டை வாங்கப் போய், விவசாயிகள் வீட்டிலேயே தங்கி வந்திருக்கிறேன். கட்டுரையில் மலை, மேகம், நெல்வயல் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அந்த நிலம் யாருடையது என்ற சங்கதியைத்தான் காணோம், ஆனால் விலை மட்டும் இருந்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டின் 1960-ஆம் வருட நில அடிப்படைச் சட்டம், 21-ஆவது பிரிவு, முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்ள இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான் அனுமதி என்கிறது. வெளிநாட்டவருக்கு, அதுவும் தங்கும் அனுமதி உள்ளவருக்கு, காலவரம்போடு கூடிய பயன்பாட்டு உரிமை கிடைக்கலாம், அவ்வளவுதான். சரி, உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று அடுத்த கேள்வி வரும், நம் ஆட்களுக்குப் பினாமி ஒன்றும் புதிதில்லையே. அதற்கும் 26-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது. நேராகவோ சுற்றுவழியிலோ வெளிநாட்டவர் கைக்கு நிலத்தை மாற்றினால் அந்தக் கிரயம் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடைசியில் சொன்னதை இரண்டு முறை படியுங்கள். நம் ஊரில் கிரயம் ரத்தானால் முன்பணத்துக்காவது வழக்குப் போடலாம்.

கம்பத்திலேயே ஒருவர் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார், அங்கே நிலம் காட்டும் தரகர் கொடுத்த பத்திரமாம். பார்த்தால் ஊர்த் தலைவர் முத்திரை குத்திய ஒரு கடிதம், இன்னார் இந்த நிலத்தில் பயிர் செய்து வருகிறார் என்று. நில அலுவலகம் கொடுக்கும் சான்றிதழ் வேறு, இது வேறு. ஏலமலைக் காட்டில் பட்டயம் கிடைக்காத தோட்டத்தை வாங்கிவிட்டு, கோர்ட்டில் என்ன ஆனது என்று தினமும் பேப்பரைப் புரட்டுகிற நமக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்?

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் அங்கே விற்க ஆள் கிடைப்பது கஷ்டம். கெரிஞ்சியில் பழைய வழக்கப்படி வீடும் நெல்வயலும் பெண்மக்களுக்கு. கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போகிறான். வயலைச் சகோதரிகள் துண்டு போட்டுப் பிரித்துக்கொள்வதில்லை, முறை வைத்துப் பயிர் செய்கிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாவிடம் அவருடைய மகன் மூலம் கேட்டேன். கையால் வயலைக் காட்டி, இந்த வருஷம் அக்கா முறை, அடுத்தது எனக்கு, அப்புறம் தங்கச்சிக்கு என்றார். அவர் மகள்கள் காலத்தில் அந்த ஒரு முறைக்குள்ளேயே இன்னும் கிளை பிரியும், ஒருத்திக்கு முறை வரப் பல வருஷம் ஆகும். முறை இல்லாத வருஷங்களில் மலைத்தோட்டத்தில் வேலை, அல்லது கூலிக்கு நடவு. நிறையப் பேர் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், போனாலும் வயலில் முறை போகாது. இந்த வயலை உங்கள் வாசகர் ஒருவர் யாரிடம் பேசி வாங்குவார்? ஒரு அக்கா தலையாட்டினால் போதுமா?

இதை எழுதும்போது எங்கள் வீட்டு விஷயமும் ஞாபகத்துக்கு வருகிறது. நாங்கள் ராவுத்தர்கள், அவர்களும் முஸ்லிம்கள், ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொழுதோம். வயல் விஷயத்தில் மட்டும் அவர்கள் தங்கள் ஊர் வழக்கை விடவில்லை. இங்கே மார்க்கம் கொடுத்த பங்கைக்கூடப் பெண்பிள்ளைகள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மற்ற சமூகங்கள் மட்டும் என்ன, 1989-இலேயே தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தும், ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அண்ணன் கூட்டிவந்த தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மலைத்தோட்டம் சங்கதி கொஞ்சம் வேறு. அங்கேதான் பட்டை மரம். நட்டுப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் விட்டுவைக்கிறார்கள், பையன் படிப்போ மகள் கல்யாணமோ ஹஜ்ஜோ வரும்போது நாலு மரத்தை வெட்டுகிறார்கள், நம் ஊரில் சீட்டு எடுக்கிற மாதிரி. நிற்கிற மரத்திலேயே மேல்தோலைக் கத்தியால் சுரண்டி, கைக்கு எட்டும் உயரம் வரை பட்டையை உரித்துவிட்டு, அப்புறம் மரத்தைச் சாய்த்து மீதியை உரிப்பார்கள். ஈரப்பட்டை தட்டையாக இருக்கும். அதை ரோட்டோரத்தில் பரப்பிவிட்டால் வெயில் ஏற ஏற இரண்டு ஓரமும் உள்ளே மடங்கிச் சுருளும், பைக்காரர்கள் அதில் ஏறாமல் ஒதுங்கிப் போவார்கள். பிரியாணியில் நாம் போடும் பட்டையில் ஒரு பகுதி இப்படிச் சுருண்டு, சுமத்ராவின் மேற்குக் கரையில் பாடாங் பக்கத்துத் தெலுக் பாயுர் துறைமுகம் வழியாக வந்ததாக இருக்கலாம். இந்தத் தோட்டங்களை விலைபேசுவதிலும் ஒரு வம்பு உண்டு. பள்ளத்தாக்கைச் சுற்றிலும் கெரிஞ்சி செப்லாட் தேசியப் பூங்கா. எந்த மரம் வரை ஊர், எங்கே காடு தொடங்குகிறது என்று தரகர் விரல் நீட்டிக் காட்டுவதை நம்பிப் பணம் கட்டினால் வனத்துறையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். குமுளியில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

போய்ப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். கொச்சியில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து பாடாங். பாடாங்கிலிருந்து சுங்கை பெனு டவுனுக்கு ஏழெட்டுப் பேர் ஏறும் வேன், நம்மை வீட்டு வாசலில் ஏற்றி, போய்ச் சேர வேண்டிய வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறார்கள், இந்த வசதி நம் கம்பம் ஜீப்புகளில் கிடையாது. ஏழெட்டு மணி நேரம் ஆகும், மண் சரிந்தால் எப்போது போய்ச் சேரும் என்று டிரைவருக்கே தெரியாது. போடிமெட்டு வளைவிலேயே தலை சுற்றுகிறவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காயு அரோ தேயிலைத் தோட்டம் வரும்போது தூங்கிவிடாதீர்கள், டச்சுக்காரர்கள் வைத்த தோட்டம், மூணாறு மாதிரியே இருக்கிறதே என்று நினைக்கும்போதே பின்னால் கெரிஞ்சி எரிமலை நிற்கும். 3,805 மீட்டர். நம் ஆனைமுடி 2,695 தான். டவுனிலிருந்து ஊருக்குள் போக வாடகை பைக்.

கிராமத்தில் யார் வீட்டிலாவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெருப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும், பல தெருக்களின் முகப்பிலேயே இதற்குப் பலகை இருக்கிறது. என் பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், அவ்வளவுதான். இந்தியர்களுக்கு அங்கே போய் இறங்கியபின் விசா கிடைக்கும். 5 லட்சம் ரூபியா என்றதும் பயப்படாதீர்கள், நம் காசில் மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது, தோட்டம் போட்டுக் குடியேறவும் முடியாது.

கட்டுரையாளர் அங்கே எந்த ஊரில் யாருடைய நிலத்துக்கு அந்த விலையைக் கேட்டார் என்று அடுத்த வாரம் எழுதினால் நல்லது. இந்தக் கடிதத்துக்கு இடம் போதவில்லை என்றால் வேன் பயணத்தை வெட்டிக்கொள்ளுங்கள், எரிமலையையும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த 26-ஆவது பிரிவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மலைச்சரக்கு வியாபாரி ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.