அமைச்சர் பேச்சில் மாறக் கூடாத கொள்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'அணுகுண்டை முதலில் போட மாட்டோம் என்று நாமே ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்?' என்று எங்கள் ஊர் டீக்கடையில் பையன்கள் கேட்கிறார்கள். 2016-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கரும், சொந்தக் கருத்து என்று சொல்லி, இதையேதான் கேட்டார். 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், நாம் அணுகுண்டு சோதனை நடத்திய பொக்ரானில் நின்று, இனி என்ன ஆகும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார்.

2002 கோடையில், பாகிஸ்தான் எல்லையில் நம் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம் நேரத்தில், நான் ராஜஸ்தான் எல்லையில் ஹவில்தார். அணு, ரசாயனத் தாக்குதலுக்கான உடுப்பை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்வோம். கொஞ்ச நேரத்திலேயே முகமூடிக் கண்ணாடி ஆவியில் மங்கி, பக்கத்தில் நிற்பவன் யாரென்றே தெரியாது. கையுறையைக் கழற்றினால் வியர்வை தண்ணீராகக் கொட்டும். எங்களுக்காவது அந்த உடுப்பு இருந்தது. தூரத்தில் குடத்தோடு போய்க்கொண்டிருந்த பெண்களுக்குத் தலையில் முக்காடு மட்டும்தான்.

2003 ஜனவரி 4 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு இந்தக் கொள்கையை அறிவித்தது. முதலில் பயன்படுத்த மாட்டோம். நம்மீது பயன்படுத்தினால் பதிலடி மிகக் கடுமையாக இருக்கும் என்றது. ஆனால் உயிரியல், ரசாயன ஆயுதங்களால் பெரிய தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி தரும் உரிமையையும் வைத்துக்கொண்டது. அந்த வரி எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

சீனா 1964-லிருந்தே இந்த உறுதியைச் சொல்லிவருகிறது. பாகிஸ்தான் இதைக் கொள்கையாக ஏற்றதே இல்லை. சரி, அப்புறம் நமக்கு மட்டும் எதற்கு என்கிறீர்களா? 2022 மார்ச்சில் நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிபொருள் இல்லை. 'இந்தியா முந்திக்கொண்டு அடிக்கும்' என்ற பயம் எதிர்ப்பக்கம் ஊறிப்போயிருந்தால் அந்தச் சில நிமிடங்களில் என்ன முடிவு எடுத்திருப்பார்கள்? காத்திருந்தால் நாம் ஒன்றும் அழிந்துவிட மாட்டோம். திருப்பி அடிக்கக் கடலுக்கடியில் அணு ஏவுகணை தாங்கும் நீர்மூழ்கிக் கப்பல் அரிஹந்த் இருக்கிறது. 2018-லேயே முதல் ரோந்து முடித்துவிட்டது.

இந்தக் கொள்கையை நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும். மாற்றுவதானாலும் அங்கேதான் மாற்ற வேண்டும், மேடையில் அல்ல. இந்தக் கடிதத்தின் நகலை எங்கள் தொகுதி எம்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார்,
வேலூர் மாவட்டம்