பிறந்த மாதத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கவனம் நிலைக்காமலும் ஓரிடத்தில் இருக்க முடியாமலும் தவிக்கும் கவனக்குறைவுக் கோளாறுக்காக (ஏ.டி.எச்.டி.) குழந்தைகளுக்கு எழுதித் தரப்படும் ஊக்க மருந்துகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். மருந்து கூடுகிறதா, குறைகிறதா என்பதோடு செய்தி நின்றுவிட்டது. எந்தப் பிள்ளைக்கு எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை அலசி, 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்தவர்களுக்கு இம்மருந்து தரப்படும் வாய்ப்பு 41 சதவீதம் அதிகமாம். அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31தான் எல்லை. வகுப்பிலேயே சின்னவர்கள் இவர்கள். வியாதி என்ன, காலண்டர் பார்த்தா வரும்?

மெத்தில்ஃபெனிடேட் போன்ற இந்த ஊக்க மருந்துகளை நான் குறை சொல்லவில்லை. தேவைப்படும் பிள்ளைக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் முதல் வகுப்பு ஆசிரியையாக நானும் ஒரு தவறு செய்தேன். ஒரு பையனுக்கு இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் கேட்டிருந்த படிவத்தில், ‘இருக்கையை விட்டு எழுகிறான்’, ‘கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறான்’ என்ற வரிகளுக்கெல்லாம் ‘அடிக்கடி’ என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன்: பக்கத்தில் உட்காரும் பிள்ளையைவிட அவன் பதினொரு மாதம் சின்னவன். படிவத்தில் அதைக் குறிக்க இடமே இல்லை. பிறந்த தேதியையும் அந்த வகுப்பின் சேர்க்கை எல்லைத் தேதியையும் படிவத்தின் முதல் வரியாகச் சேர்க்கலாம். வகுப்பின் கடைக்குட்டிகளுக்கு, அவசரமில்லாவிட்டால், சில மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டு மருந்தை முடிவு செய்யலாம்.

— ஓர் ஆசிரியை